ஜூன் விடுமுறைப் பயிலரங்கு: எண்ணெய் வண்ணமா, எட்சிங்கா?

வண்ணக்குழம்பு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறேன். பகலில் கணக்குப் பிரிவில் வேலை, இரவிலும் வார இறுதியிலும் எண்ணெய் வண்ணம். பல ஆண்டுகளாக வரைகிறேன், குழுக் கண்காட்சிகளிலும் படம் வைத்திருக்கிறேன். வரும் ஜூனில் இரண்டு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போகிறார்கள். இப்படியொரு வாய்ப்பு மறுபடி எப்போது அமையுமோ, அதனால் வீணாக்க மனமில்லை.

மூன்று பயிலரங்குகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஐந்து நாள் எண்ணெய் வண்ணப் பயிலரங்கு ஒன்று. ஆளை அமர வைத்து வரைவது. அதே வாரத்தில் ஐந்து நாள் எட்சிங் பயிலரங்கு ஒன்று. மெழுகு பூசிய உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோடுகளைக் கரைசலில் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் அச்செடுப்பது. மூன்றாவது, லினோ (லினோலியத் துண்டில் செதுக்கி எடுப்பது), எட்சிங், மோனோடைப், ஸ்கிரீன் அச்சு என்ற நான்கு அச்சு முறைகளையும் மூன்றே நாளில் அறிமுகப்படுத்தும் வகுப்பு. மூன்றுக்கும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்போது எனக்குப் பெரிய போராட்டமாக இருப்பது, ஒரு படம் எந்த இடத்தில் முடிந்தது என்று கண்டுபிடிப்பது. உருவம் அமைந்துவிடுகிறது, நிறமும் பிடிபடுகிறது. நிறுத்தும் இடம்தான் பிடிபடவில்லை. இதை மனத்தில் வைத்து உங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெம்பனிஸ் பாரி

எண்ணெய் வண்ணம்தான். யோசிக்கவே வேண்டாம், தங்கை. ஓவியத்தில் ஒரு முடிச்சு விழுந்தால் ஓவியத்திலேயே உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும். அந்த நேரத்தில் புதுக் கருவி, புதுத் தகடு, புது மை என்று போவது தப்பித்து ஓடுவதாகத்தான் முடியும்.

அதிலும் ஆளை அமர வைத்து வரையும் வாய்ப்பு இங்கே சும்மா கிடைப்பதில்லை. நம் ஓவியர் எஸ். நமசிவாயம் (1926–2013) மனித உருவத்தை வரைவதற்குப் பேர்போனவர். குரூப் 90 என்ற குழுவாகச் சேர்ந்து மாதிரியை அமர்த்தி வரைந்த தலைமுறை அவர்களுடையது. அவருடைய கரிக்கோடுகளைப் பார்த்தால் தெரியும், நிறுத்தத் தெரிந்த கை அது. தோள், இடுப்பு, முழங்கால் என்று நாலைந்து கோட்டில் ஓர் உடல் எழுந்து நிற்கும். அந்த அடக்கம் ஆளைப் பார்த்து ஆயிரம் முறை வரைந்ததால் வந்தது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். ஐந்து நாளில் எண்ணெய்ப் பூச்சு காயாது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும், தண்ணீர் ஆவியாவதுபோல் இல்லை. முதல் நாள் பூசிய வெள்ளை ஐந்தாம் நாளும் ஈரமாகவே இருக்கும். ஆகவே அடிப்பூச்சை அக்ரிலிக்கில் போட்டு மேலே எண்ணெயில் வரையச் சொல்கிறார்களா, விரைவில் உலரும் அல்கிட் கலவை தருகிறார்களா, ஒரே அமர்வில் முடிக்கும் முறையைக் கற்றுத் தருகிறார்களா என்று விசாரியுங்கள். (அக்ரிலிக் மேல் எண்ணெய் போடலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் போடவே கூடாது.) இதற்கு நேரான பதில் சொல்லத் தெரியாத பயிற்றுநரிடம் ஐந்து நாளைக் கொடுக்காதீர்கள்.

மைவிரல்

பாரி அண்ணா சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே ஏற்கிறேன். முதல் பத்தியை ஏற்க முடியவில்லை.

'எந்த இடத்தில் படம் முடிந்தது' என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய்ப் படத்தில் அந்தக் கேள்விக்குச் சான்று மிஞ்சுவதில்லை. செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்த முகத்தின் மேல் புதன்கிழமை பூசிவிட்டால் செவ்வாய்க்கிழமை முகம் போய்விட்டது. எட்சிங்கில் அப்படி இல்லை. தகட்டில் கொஞ்சம் வேலை செய்து ஒரு பிரதி எடுப்பீர்கள். அது முதல் நிலை. மறுபடி மெழுகு பூசி, கோடு சேர்த்து, அரிக்க விட்டு, இன்னொரு பிரதி. அது இரண்டாம் நிலை. இப்படி ஆறு நிலை எடுத்துச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்துப் பார்த்தால், மூன்றாவதிலேயே படம் முடிந்துவிட்டது என்று கண் சொல்லிவிடும். நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் எங்கே தடம் மாறின என்பதும் அதே சுவரில் தெரியும். ஓவியருக்கு அச்சுக்கலை தரும் பெரிய கொடை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய கைகளும் இதை இப்படித்தான் பயன்படுத்தியிருக்கின்றன. ரெம்பிராண்ட் 1653ல் மூன்று சிலுவைகள் என்ற தகட்டைச் செய்தார். நான்காம் நிலைக்கு வரும்போது பல உருவங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, முழுக் காட்சியையும் இருட்டில் தள்ளினார். முந்தைய நிலைகளின் பிரதிகள் இருப்பதால் அவர் மனம் எப்படித் திரும்பியது என்பதை இன்றும் நாம் பார்க்க முடிகிறது. பிக்காசோ 1945 டிசம்பரில் ஒரு காளையைக் கல்லச்சில் தொடங்கினார். சதையும் மயிருமாக இருந்த காளை, 1946 ஜனவரியில் 11ஆம் நிலைக்கு வந்தபோது சில கோடுகளாக இளைத்துவிட்டது. ஒவ்வொரு நிலையும் தனித் தாளில் இருக்கிறது.

ஆகவே எட்சிங்குக்குப் போங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: ஓர் அச்சு இயந்திரத்துக்கு எத்தனை பேர்? விளம்பரப் படம், பயிற்றுநரின் பட்டம் எல்லாம் அப்புறம்.

செங்காங் ஓவிய ஆசிரியை

மைவிரல் கேட்கச் சொன்ன கேள்விக்கு என் அனுபவமே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் விடுமுறையில் ஓர் எட்சிங் பயிலரங்கில் சேர்ந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். அறை நிறைய ஆள், இருந்தது ஒரே பிரஸ். காலை முழுதும் பயிற்றுநர் செய்து காட்டினார், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். மதியம் வரிசை. தகட்டில் மை தடவித் துடைத்து முடித்தவர்கள் பிரஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது தகட்டில் மை இறுகிப்போனது. கடைசி நாளில்தான் பெரும்பாலோர் முதல் பிரதியைப் பார்த்தார்கள். இரண்டாம் நிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. பயிற்றுநர் நல்ல கலைஞர், நல்ல மனிதர். ஆனால் நாங்கள் கட்டிய பணம் வேடிக்கை பார்க்கவே போனது.

இன்னொன்று. ஜூனில் பள்ளி விடுமுறை நான்கு வாரம். பல ஸ்டூடியோக்கள் காலையில் பிள்ளைகளுக்கும் மதியத்தில் பெரியவர்களுக்கும் அதே அறையைத் தருகின்றன. பிள்ளைகள் வகுப்பு முடிந்து மேசை துடைத்து அடுக்கும் நேரம் உங்கள் நேரத்திலிருந்துதான் போகும். 'முழு நாள் ஸ்டூடியோ நமக்கே உண்டா' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மைவிரல்

ஆசிரியை சொன்னதைக் கணக்காகவே பார்ப்போம், புதிதாக வருகிறவர்களுக்குப் புரியும்.

உள்ளங்கை அளவுள்ள செப்புத் தகட்டில் ஒரு பிரதி எடுக்கப் புதியவருக்கு அரை மணி நேரம் ஆகும். முதலில் மையை அட்டைத் துண்டால் கோடுகளுக்குள் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு டார்லட்டன் என்கிற கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டம் வட்டமாகத் துடைக்க வேண்டும். அழுத்தினால் கோட்டுக்குள் இருக்கும் மையும் வெளியே வந்துவிடும், அழுத்தாவிட்டால் மேல்பரப்பில் அழுக்கு நிற்கும். துணியைத் தகட்டுக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து, மணிக்கட்டைத் தளர்த்தி, வருடிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் உள்ளங்கையின் ஓரத்தில் சுண்ணப்பொடி தொட்டு ஒரு துடைப்பு. செம்பு பளிச்சென்று தெரிய வேண்டிய இடத்தில் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். அதன்பின் தகட்டின் விளிம்பைத் தனியாகத் துடைக்க வேண்டும். இதை மறந்தால் தாளைச் சுற்றிக் கறுப்புக் கரை விழும்.

அதுவரை தாள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். எடுத்து ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே ஈரம் மின்னாத அளவுக்கு ஒற்ற வேண்டும். பிறகு பிரஸ். தகடு, தாள், அதன்மேல் கம்பளிகள், சக்கரத்தைச் சீராகச் சுற்றுவது, எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்.

ஆக, பிரஸ் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 12 பிரதிகளைத் தாங்கும். நான்கு பேர் இருந்தால் யாரும் காத்திருக்க வேண்டாம், துடைக்கும் நேரத்துக்குள் பிரஸ் காலியாகிவிடும். ஆறு பேர் வரை சமாளிக்கலாம். பன்னிரண்டு பேருக்கு ஒன்று என்றால் பிரஸ்ஸின் முன் வரிசை தொடங்கிவிடும், அரை மணி நேரத்தில் அது தாங்குவது ஆறு பிரதிதான். நான்கிலிருந்து ஆறு பேருக்கு ஒரு பிரஸ் என்று பதில் வந்தால் மட்டும் சேருங்கள்.

நூலகவாசி

ஓய்வு பெற்றவன், நேரம் இருப்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். இந்த மண்ணில் அச்சுக்கலைக்கு இருக்கும் வேர் நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை. அது எனக்கு மனக்குறை.

நன்யாங் நுண்கலைக் கழகத்தை லிம் ஹாக் டாய் 1938ல் தொடங்கினார். அங்கே படித்தும் கற்பித்தும் வந்தவர்களில் பலர் 1950களிலும் 60களிலும் மரச்செதுக்கு அச்சில் இறங்கினார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மரப்பலகை, ஒரு கத்தி, கறுப்பு மை இருந்தால் போதும். பத்திரிகையில் போடலாம், நூறு பேர் கையில் கொடுக்கலாம். தெருவோர வியாபாரி, கூலியாள், ஆற்றோரப் படகு எல்லாம் அந்தப் பலகைகளில் இருக்கின்றன. 1966ல் ஆறு ஓவியர்கள் சேர்ந்து மரச்செதுக்குக் கண்காட்சி ஒன்றை நடத்தினார்கள். அவர்களில் ஒருவர் லிம் ஹாக் டாயின் மகன் லிம் இயூ குவான். புக்கிட் ஹோ ஸ்வீயில் 1961ல் கம்பத்து (கிராமக் குடியிருப்பு) வீடுகள் எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்களே, அந்தத் தீக்குப் பின்னான காட்சியை அவர் மரத்தில் செதுக்கியிருக்கிறார். எரிந்து நிற்கும் கட்டைகளைச் செதுக்க மரத்தைவிடப் பொருத்தமான பொருள் ஏது?

செங் செயோக் டின் அம்மையாரையும் சொல்லியாக வேண்டும். அச்சுக்கலைஞர். 1988ல் பார்வையின் பெரும்பகுதியை இழந்தார். அதற்குப் பிறகும் அச்சோவியம் செய்தார், சிற்பமும் செய்தார். 2005ல் கலாசாரப் பதக்கம் பெற்றார். 2019ல் மறைந்தார். தகட்டின் மேடு பள்ளத்தை விரலால் படிக்க முடியும் என்பதை அவருடைய வேலைகளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

தங்கை, நீங்கள் எதில் சேர்ந்தாலும் அதற்கு முன் ராபர்ட்சன் கீயில் உள்ள எஸ்டிபிஐ என்ற அச்சுக்கலை மையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அமெரிக்க அச்சுக்கலைஞர் கென்னத் டைலரின் இயந்திரங்களையும் அனுபவத்தையும் கொண்டு 2002ல் தொடங்கியது. பழைய ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றுக்குள்ளேயே அச்சுக்கூடம், தாள் செய்யும் ஆலை, கலைக்கூடம் மூன்றும் இருக்கின்றன. கண்காட்சியைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். தாளைக் கிட்டே போய்ப் பாருங்கள், தகடு அழுந்திய விளிம்பு தெரியும். கணினித் திரையில் அது ஒருநாளும் தெரியாது.

வண்ணக்குழம்பு

அனைவருக்கும் நன்றி. மைவிரல் அண்ணா சொன்ன 'நிலைகளைச் சுவரில் வரிசையாக வைப்பது' என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பாரி அண்ணா சொன்னதும் மண்டைக்குள் நிற்கிறது.

இரண்டு ஐயங்கள். அமிலம் என்றால் எனக்குப் பயம், சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. பயிலரங்கு முடிந்த பிறகு வீட்டில் இதை எப்படித் தொடர்வது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டில் பிரஸ் வைக்க இடமேது?

ஜூரோங் ரசாயனன்

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்லலாம், என் தொழிலே ஆலைப் பாதுகாப்பு.

செப்புத் தகட்டுக்கு இன்று பெரும்பாலான ஸ்டூடியோக்கள் ஃபெரிக் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துகின்றன. நைட்ரிக் அமிலம் செம்பை அரிக்கும்போது வெளிவரும் நச்சுப் புகை இதில் வராது. அதற்காகச் சாதாரணமாக நினைத்துவிடவும் கூடாது. தோலையும் கண்ணையும் அரிக்கும், துணியில் பட்டால் துருநிறக் கறை போகவே போகாது. கையுறை, கண்ணாடி, ரப்பர் ஏப்ரன் மூன்றும் இல்லாமல் தொட்டியின் அருகே போகாதீர்கள். சில இடங்களில் துத்தநாகத்துக்கும் அலுமினியத்துக்கும் மயில்துத்தமும் உப்பும் கலந்த கரைசல் வைத்திருப்பார்கள். ஆகவே 'எந்த உலோகம், எந்தக் கரைசல்' என்று கேளுங்கள். 'அமிலம்தான்' என்று பொதுவாகப் பதில் வந்தால் மேலும் கேளுங்கள்.

உங்களுக்கு மூச்சிரைப்பு இருப்பதால் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அக்குவாடின்ட் என்று ஒரு முறை உண்டு. ரோசின் எனப்படும் மரப்பிசினைத் தூளாக்கித் தகட்டின் மேல் தூவி, சூடேற்றி ஒட்டவைத்து, சாம்பல் நிறத் தளங்களை உண்டாக்குவார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. மூடிய பெட்டிக்குள் மிதக்கும் தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும். ரோசினுக்குப் பதிலாக அக்ரிலிக் கலவையைத் தெளிப்பானால் அடிக்கும் முறையும் இருக்கிறது. அதிலும் காற்றிழுக்கும் விசிறியும் முகக்கவசமும் வேண்டும். உங்கள் உடல்நிலையைப் பதிவுப் படிவத்தில் எழுதிவிடுங்கள். அந்தப் பகுதி நடக்கும்போது வெளியே நின்றாலும் பாடத்தில் பெரிய இழப்பு இல்லை. கோட்டு எட்சிங்குக்கு ரோசின் தேவையே இல்லை.

வீட்டில் இந்தக் கரைசல்களை வைத்துக்கொள்ளவே கூடாது. செம்பு கரைந்த கழிவைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவது குழாயையும் கெடுக்கும், நீரையும் கெடுக்கும்.

மைவிரல்

இரண்டாவது ஐயத்துக்கு: வீட்டில் அரிப்பு வேண்டாம். உலர்முனை செய்யலாம். கூரான எஃகு ஊசியால் பிளாஸ்டிக் தகட்டிலோ செப்புத் தகட்டிலோ நேரடியாகக் கீறுவது. கீறலின் ஓரத்தில் எழும் பிசிறில் மை தங்கி, மென்மையான கறுப்பு வரும். பிசிறு சீக்கிரம் நசுங்கிவிடும் என்பதால் நல்ல பிரதிகள் கொஞ்சம்தான் கிடைக்கும், உங்கள் வேலைக்கு அதுவே போதும். கழுவும்போது சவர்க்காரத் தண்ணீரில் போகும் எண்ணெய் மைகள் இப்போது கிடைக்கின்றன, ஆகவே டர்பன்டைன் வாடை வீட்டுக்குள் வராது. அஞ்சலட்டை அளவுத் தகடுகளுக்குப் பாஸ்தா மாவு தேய்க்கும் கையியந்திரத்தையே பிரஸ்ஸாகப் பயன்படுத்துபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் வீட்டில் முறுக்குக்கும் இடியப்பத்துக்கும்தான் இயந்திரம், அதனால் இதற்கென்று தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

லினோ என்றால் அதுவும் வேண்டாம். மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே வைத்து மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தே எடுக்கலாம். உருளையில் மை சரியான அளவில் இருக்கிறதா என்பதைக் காதால் அறியலாம். எண்ணெய்ச் சட்டியில் வடகம் போட்டதுபோல் மெல்லிய சலசலப்பு வர வேண்டும். சொதசொதவென்று ஒட்டினால் மை அதிகம், நுண்ணிய வெட்டுகள் அடைபட்டுப்போகும்.

இன்னொன்றும் கேளுங்கள்: பயிலரங்கு முடிந்த பிறகு மணிக்கணக்கில் பிரஸ்ஸை வாடகைக்குத் தருகிறார்களா? என்னைக் கேட்டால் இது முதல் கேள்விக்கு நிகரான கேள்வி. ஐந்து நாள் கற்றுக்கொண்டு பிறகு தொடவே முடியாமல் போனால் கையை விட்டு எல்லாம் போய்விடும். கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பிரஸ்ஸை வாடகைக்குத் தரும் ஸ்டூடியோதான் மேல்.

தெம்பனிஸ் பாரி

மைவிரலுக்கு ஒரு கேள்வி, நேர்மையாகவே கேட்கிறேன். நிலைகளைச் சேமித்து வைத்தால் போதுமென்றால், எண்ணெய்ப் படத்தைத் தினமும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் ஆகாதா? அதற்கு எதற்கு ஐந்து நாளும் தகடும் கரைசலும்?

மைவிரல்

நல்ல கேள்வி. கைபேசிப் படம் எடுத்தாலும் கை நிற்பதில்லை, அண்ணா. எண்ணெயில் அடுத்த பூச்சு தூரிகை தொடும் தூரத்தில் இருக்கிறது, யோசிப்பதற்கு முன்பே கை பூசிவிடும். தகட்டில் ஒரு கோடு சேர்க்க வேண்டுமென்றால் மையைக் கழுவ வேண்டும், கொழுப்பு போகத் துலக்க வேண்டும், மறுபடி மெழுகுப் பூச்சு, காயவிடுவது, கீறுவது, அரிப்புத் தொட்டி, மறுபடி கழுவி மை தடவுவது என்று அரை நாள் போகும். அந்த ஒரு கோடு அரை நாள் உழைப்புக்குத் தகுதியானதா என்ற கேள்வி தானாகவே எழும். பெரும்பாலும் 'இல்லை' என்றே பதில் வரும். அந்தப் பழக்கம் சில மாதத்தில் தூரிகை பிடிக்கும் கைக்கும் வந்துவிடுகிறது. என்னோடு தகடு செய்த ஓவியர்கள் பலரிடம் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தெம்பனிஸ் பாரி

சரி, இந்த விளக்கத்தை ஏற்கிறேன். மெதுவாக்குவதால் வரும் பலன் என்றால் புரிகிறது. ஆனாலும் ஆளைப் பார்த்து வரைவதை விட்டுவிடாதீர்கள், தங்கை. தகட்டில் கீறுவதற்கும் உள்ளே சரக்கு வேண்டும். பயிலரங்குக்கு முந்தைய வாரம் எம்ஆர்டி ரயிலிலும் தேக்காச் சந்தையிலும் உட்கார்ந்து குறிப்பேட்டை நிரப்புங்கள்.

கடல் கடந்தவன்

தாமதமாக வருகிறேன். சென்னையில் படித்துவிட்டு இப்போது இங்கே வேலை பார்க்கிறேன். இரண்டு வாரம் இருக்கிறது என்றால் ஊருக்கே போய் ஏன் செய்யக்கூடாது? கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தில் அச்சுக்கலை ஸ்டூடியோ இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966ல் தொடங்கிய சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. ஆர்.எம். பழனியப்பன் போன்ற அச்சுக்கலைஞர்கள் வந்த மண் அது. ஒரே தகட்டில் பல நிறங்களை ஒரே அழுத்தத்தில் எடுக்கும் முறையைப் பாரிஸில் உருவாக்கியவர்களில் ஒருவரான கிருஷ்ண ரெட்டி (1925–2018) அதற்குமுன் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். மையில் எண்ணெயைக் கூட்டிக் குறைத்து, கெட்டி உருளை ஒன்றும் மெத்தென்ற உருளை ஒன்றும் கொண்டு தகட்டின் மேடு பள்ளங்களுக்கு வெவ்வேறு நிறம் கொடுப்பார்கள். நிறத்தில் வாழும் எண்ணெய் ஓவியருக்கு அது ஒரு நாள் அவசியம் தேவைப்படும்.

செங்காங் ஓவிய ஆசிரியை

தம்பி, யோசனை நல்லதுதான். ஆனால் ஜூன் தொடக்கத்தில் சென்னைக்குப் போனால் கத்திரி வெயிலின் மிச்சத்தில் நனைத்த தாள் பிரஸ்ஸுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும்! இங்கே நேர்மாறு. மழையில்லாத பிற்பகலில்தான் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது, விடியற்காலையில் 90ஐத் தாண்டிவிடுகிறது. எடுத்த பிரதியை ஒற்றுத்தாளுக்கு நடுவில் பலகை வைத்து அழுத்தி, ஒற்றுத்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் சேர்த்துவைக்கும் தாளுக்கும் இதே கதிதான். காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

மூன்று நாளில் நான்கு முறை சொல்லித் தரும் வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் பள்ளி மாணவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். எந்த முறை தன் கைக்கு ஒத்துவரும் என்று தெரியாதவர்களுக்கு அது பயன்படும். உங்களைப்போல் பிரச்சினை இன்னதென்று தெரிந்தவர்களுக்கு வேண்டாம்.

கட்டணம் குறித்து: 25 வயது நிரம்பிய சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை உண்டு, ஆனால் எல்லாப் பயிலரங்குக்கும் செல்லாது. 2025 செப்டம்பரிலிருந்து எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்று 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தந்திருக்கிறார்கள், 2028 இறுதி வரை செல்லும். பயிலரங்கு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய உறுப்பினர் கமலம்

இடையில் ஒரு சிறு கேள்வி. லினோவில் தமிழ் எழுத்துச் செதுக்க ஆசை. வாழ்த்து அட்டைக்கு. தலைகீழாக வருகிறதே?

மைவிரல்

இட வலமாகத் திரும்பும், அக்கா. மென்பென்சிலால் டிரேசிங் தாளில் நேராக எழுதி, அந்தப் பக்கத்தை லினோவின் மேல் கவிழ்த்துப் பின்னாலிருந்து தேய்த்தால் கண்ணாடி எழுத்து பதிந்துவிடும். கொம்பும் காலும் உள்ள எழுத்துகளில்தான் கண் ஏமாற்றும். 'கெ' என்று செதுக்க வேண்டிய இடத்தில் கொம்பு வலப்பக்கம் இருந்தால் மனம் அதைத் 'திருத்த'ப் பார்க்கும். திருத்தாதீர்கள், டிரேசிங்கை நம்புங்கள். 'ழ'வின் கீழ்ச்சுழியும் 'ண'வின் சுழிகளும் வரும் இடத்தில் கத்தியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள். சுழி உடையாது.

வண்ணக்குழம்பு

இரண்டு அமைப்பாளர்களோடும் பேசிவிட்டேன். எட்சிங் பயிலரங்கில் பத்துப் பேர், இரண்டு பிரஸ். செப்புத் தகடு, ஃபெரிக் குளோரைடு. ரோசின் இல்லை, அக்ரிலிக் தெளிப்புத்தான், அதுவும் தனியறையில். ஐந்து நாளும் காலை முதல் மாலை வரை அறை எங்களுக்கே. முடித்தவர்கள் பிறகு மணிக்கணக்கில் பிரஸ்ஸை வாடகைக்கு எடுக்கலாமாம். எண்ணெய் வண்ணப் பயிலரங்கில் உலர்வதைப் பற்றிக் கேட்டேன், 'அதை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். எட்சிங்குக்குப் பணம் கட்டிவிட்டேன்.

பாரி அண்ணா, குறிப்பேடு வாங்கியாயிற்று. என் மாமியாரின் முகத்தை வரைவதாக இருக்கிறேன். முகத்தில் இருக்கும் கோடுகளை எண்ணெயில் பல தடவை முயன்றிருக்கிறேன், ஊசியால் கீறினால் எப்படி வரும் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

கையோடு என்ன கொண்டுபோக வேண்டும்? தாள் அவர்களே தருவார்களாம், ஆனால் நல்ல தாள் தனியாக வாங்கி வருவது நல்லது என்றார்கள்.

மைவிரல்

மிக நல்ல தேர்வு. ஐந்து பேருக்கு ஒரு பிரஸ் என்றால் நிச்சயம் நாலைந்து நிலை எடுத்துவிடுவீர்கள்.

தாள்: முழுப் பருத்தியில் செய்த, சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள அச்சுத் தாள் கேளுங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஆர்ட் ஃபிரெண்டில் பார்க்கலாம். நீர்வண்ணத் தாளை வாங்கிவிடாதீர்கள், அதில் பசை கூடுதல், மை முழுதாக இறங்காது. முதல் நிலைகளுக்கு விலை குறைந்த தாள் போதும், நல்ல தாளைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டைச் சிறிதாகவே எடுங்கள். 10க்கு 15 சென்டிமீட்டர் போதும். பெரிய தகடு எடுப்பவர்கள் துடைப்பதிலேயே நாளைக் கழிப்பார்கள். முகம் இட வலமாகத் திரும்பி வரும், ஆகவே மாமியாருக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு தகட்டில் மறுபக்கம் போடுங்கள்.

நூலகவாசி

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பிரதியைப் பென்சிலால் எண்ணிட்டுத் தேதி போட்டு வையுங்கள், தங்கை. கடைசியில் எதைப் பதிப்பாக எடுக்கிறீர்களோ அதில் மட்டும் இடப்பக்கம் 1/10, 2/10 என்று எழுதி வலப்பக்கம் கையெழுத்திடுங்கள். தகட்டின் தடத்துக்குக் கீழே, பென்சிலால்தான். பதிப்பில் சேராத பிரதிகளைக் கலைஞர் பிரதி என்று தனியாகக் குறியுங்கள். இந்த எண்ணிக்கையை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு கூட்டக் கூடாது, வாங்குகிறவர் அதை நம்பித்தான் வாங்குகிறார்.

மைவிரல்

விட்டுப்போன ஒன்று. தகட்டை வெட்டித் தந்தால் நான்கு ஓரத்தையும் அரத்தால் 45 பாகைச் சாய்வில் ராவி, உப்புத்தாளால் வழவழப்பாக்கிவிட்டு மெழுகுப் பூச்சுக்குப் போங்கள். கூரான ஓரம் ஈரத்தாளைக் கிழிக்கும், பிரஸ்ஸின் கம்பளியையும் வெட்டும். முதல் நாள் காலையிலேயே அரத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள், எல்லா ஸ்டூடியோவிலும் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.